நாணலையும் எண்ணிய அம்மையார்

கோயம்பேட்டில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறி உட்கார்ந்தால், நெரிசல் இல்லாத நாளில், பத்துப் பதினைந்து நிமிடத்தில் மதுரவாயல் வந்துவிடும். நம்மில் பாதிப் பேருக்கு அது காலைத் தூக்கத்தில் கடந்துபோன ஒரு நிறுத்தம். மீதிப் பேருக்கு பைபாஸ் ரோடு பிரியும் இடம், அவ்வளவுதான். (தாம்பரம் வழியாகவும் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்தும் வந்து படித்த நண்பர்கள் மன்னிக்கவும், உங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.) அந்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் கள ஆய்வுக்கூடத்தில், 1970ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து 1984 பிப்ரவரியில் கண்மூடும் வரை ஒரு மூதாட்டி வாழ்ந்தார். பளிச்சென்ற மஞ்சள் பட்டுப்புடவை, அதே நிறத்தில் தொளதொளவென்று ஒரு மேல்சட்டை, மூலிகைத் தோட்டம், ஏகப்பட்ட பூனைகள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு யாரோ ஒரு பெரியம்மா என்றுதான் தோன்றியிருக்கும். அவர் டாக்டர் இ.கே. ஜானகி அம்மாள். நம் நாட்டுத் தாவரவியலில் இரண்டு மூன்று பெயர்தான் சொல்லலாம் என்றால் அதில் ஒன்று அவருடையது.

இந்த மலருக்குச் சுற்றுச்சூழல் பற்றி, குறிப்பாக உயிர்ப்பன்மையைக் காப்பது ஏன் அவசியம் என்பது பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். நம்மில் பெரும்பாலோர் சாப்பிடும் சோறு இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் வல்லத்திலும் இருக்கும் தொழிற்சாலைகளிலிருந்து வருவது. அவை வந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் கரம்பும் புஞ்சையும் ஏரிப் பாசனமுமாக இருந்தவை. ஆலையே வந்திருக்கக் கூடாது என்று எழுத எனக்கு வாய் வராது. எழுதினால் அது வேஷம். அதனால் உபதேசம் செய்வதைவிட இந்த அம்மையாரின் கதையைச் சொல்வது நல்லது என்று பட்டது. அவரும் காட்டுக்குள் குடிசை போட்டு உட்கார்ந்த ஆள் இல்லை. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வளர்த்துக் கொடுத்த விஞ்ஞானி.

ஜானகி பிறந்தது 1897 நவம்பர் 4ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில், தலைச்சேரியில். தகப்பனார் திவான் பகதூர் இ.கே. கிருஷ்ணன் சப்-ஜட்ஜ். இரண்டு மனைவியர் மூலம் அந்த வீட்டில் பத்தொன்பது பிள்ளைகள். தாயார் தேவி, ஓர் ஆங்கில அதிகாரிக்கும் மலையாளப் பெண்மணிக்கும் பிறந்தவர். தகப்பனாருக்குக் கோர்ட்டு நேரம் போகத் தோட்டம், புத்தகம், பறவைகள் என்று பொழுது போகும். வட மலபார்ப் பறவைகளைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். ஒரு செடியையோ குருவியையோ பார்த்தால் பெயரைக் கேட்காமல் நகரக்கூடாது என்ற பழக்கம் பெண்ணுக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

அக்கா தங்கைகள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகிப் போனார்கள். ஜானகி மட்டும் சென்னைக்கு ரயிலேறினார். ராணி மேரிக் கல்லூரியில் பட்டம், பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் (1921), பிறகு பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை வேலை. வீட்டில் முறைமாப்பிள்ளை ஒருவரைப் பேசி முடிக்கும் சமயத்தில், ஆசியப் பெண்களுக்காக அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் கொடுத்துவந்த பார்போர் உதவித்தொகை கிடைத்தது. கல்யாணத்தை விட்டுவிட்டுக் கப்பலேறினார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. 1925இல் முதுகலைப் பட்டம், இடையில் சென்னைக்கு வந்து மறுபடி ஆசிரியை வேலை, திரும்பவும் மிச்சிகன், 1931இல் டாக்டர் பட்டம். செடிகளின் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணுவதும், அவை எப்படிப் பிரிகின்றன, எப்படிச் சேர்கின்றன என்று பார்ப்பதும்தான் அவர் துறை. அங்கே அவர் உண்டாக்கிய ஒரு கத்தரிக் கலப்பு அவர் பெயராலேயே வழங்கியது. திரும்பி வந்து திருவனந்தபுரத்தில் இரண்டு வருஷம் பேராசிரியராக இருந்தார். அதன்பிறகு 1934இல் கோயம்புத்தூர்.

இங்கே கொஞ்சம் நின்று கரும்பு பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உயிர்ப்பன்மை என்று மேடையில் சொல்கிற சமாசாரம் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாடு சர்க்கரையை ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாக இறக்குமதி செய்துகொண்டிருந்தது. கரும்புக்கே தாய்நாடு மாதிரி இருக்கும் தேசம்! பருத்த, இனிப்பான கரும்பு வெப்பப் பிரதேசத்தில்தான் நன்றாக வரும். பஞ்சாபிலும் ஐக்கிய மாகாணத்திலும் அடிக்கும் பனிக்கும் வறட்சிக்கும் அது தாங்காது. அங்கே விளைந்ததோ ஒல்லிக்குச்சிக் கரும்பு; சாறும் குறைவு. 1912இல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் வந்தது. சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ஒரு காரியம் செய்தார்கள். வெள்ளை என்று பெயர் கொண்ட பருத்த கரும்பை, கோவைப் பக்கத்தில் தானாக வளர்ந்து கிடந்த நாணலோடு கலந்தார்கள். நாணல் என்றால் நாம் பார்க்கிற அதே நாணல்தான்: வாய்க்கால் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் வெள்ளைக் குஞ்சமாகப் பூத்து நிற்குமே, மாடுகூட முற்றினால் தொடாதே, அது. சர்க்கரை கிடையாது. ஆனால் பனி, வெயில், வெள்ளம், நோய் எதுவும் அதை லேசில் சாய்க்காது. அந்தக் கலப்பில் பிறந்ததுதான் கோ 205. 1918இல் வட இந்திய விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்தது. அதைத் தொடர்ந்து வந்த கோ ரகங்கள்தான் இந்தியாவைச் சர்க்கரை இறக்குமதியிலிருந்து விடுவித்தன. கோவை ரகங்கள் வெளிநாடுகளுக்கும் போயின. இன்றைக்கு உலகத்தில் சாகுபடியில் இருக்கும் கரும்பில் பெரும்பாலானவற்றின் உடம்பில் ஏதோ ஒரு நாணலின் ரத்தம் ஓடுகிறது.

ஜானகி அம்மாள் அங்கே போய்ச் சேர்ந்தபோது கலப்பு நடந்துகொண்டிருந்தது. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் சரியாகப் பிடிபடவில்லை. அவர் எண்ண ஆரம்பித்தார். வேர் நுனியைச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, நூல் துண்டு மாதிரிக் கிடக்கும் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக எண்ணும் வேலை. கம்ப்யூட்டர் கிடையாது. கண், கை, பொறுமை, இவ்வளவுதான் கருவி. பருத்த கரும்பில் எங்கே எடுத்தாலும் 80. நாணலில் அப்படியில்லை, இடத்துக்கு இடம் மாறுகிறது. இன்று நமக்குத் தெரிந்தபடி 40 முதல் 128 வரை போகிறது. பார்வைக்கு ஒரே புல். ஆனால் ஒரு ஊர் நாணல் வேறு, இன்னொரு ஊர் நாணல் வேறு. ஒன்று வறட்சியைத் தாங்கும், ஒன்று தண்ணீரில் நிற்கும், ஒன்று நோயை எதிர்க்கும். எங்கோ ஒரு வாய்க்கால் கரையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெட்டிப்போட்டால் போவது வெறும் புல் இல்லை, அந்த ஊருக்கே உரிய ஒரு தனிக் கணக்கு.

அவர் அதோடு விடவில்லை. கரும்பை மக்காச்சோளத்தோடும் சோளத்தோடும் வேறு சில காட்டுப் புற்களோடும் கலந்து பார்த்தார். வேறு வேறு இனங்களுக்கிடையே இப்படிக் கலப்புப் பிறக்கும் என்று பலர் நம்பவே இல்லாத காலம். சர் சி.வி. ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் மறுவருஷமே அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் நிலையத்துக்குள் வாழ்க்கை சுகமாக இல்லை. தனியாக வாழும் பெண், அதுவும் அந்நாளில் பின்தங்கியதாகக் கருதப்பட்ட தீயர் சமூகத்துப் பெண், ஆண்கள் மட்டுமே இருக்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் என்னென்ன பட்டிருப்பார் என்று நம் காலத்துப் பெண் என்ஜினீயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கரும்புக் கதைக்கு நம் காலத்தில் ஒரு பின்குறிப்பு உண்டு. அதே கோவை நிறுவனத்தின் கர்னால் கிளையில் உருவாகி 2009இல் வெளிவந்த கோ 0238 என்ற ரகம் உத்தரப் பிரதேசத்தில் அமோகமாக விளைந்தது. விவசாயிக்கும் லாபம், ஆலைக்கும் லாபம். விளைவு, மாநிலத்தின் கரும்பு நிலத்தில் மிகப் பெரும்பகுதியில் அந்த ஒன்றே ஆகிவிட்டது. பிறகு செவ்வழுகல் நோய் வந்து அந்த ரகத்தைப் பிடித்துக்கொண்டது. ரகம் கெட்டது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கு பார்த்தாலும் அதுவே இருந்ததுதான் வினை. ஷாப் ப்ளோரில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே ஒரு சப்ளையரை நம்பி லைன் ஓட்டினால் என்ன ஆகும், பத்து ரூபாய் போல்ட் வராமல் ஒரு நாள் உற்பத்தி எப்படி நிற்கும் என்று நாம் பார்த்தவர்கள்தானே. மாற்று ரகத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் திரும்பிப் போக வேண்டிய ஸ்டோர் ரூம், பழைய ரகங்களும் காட்டுப் புல்லும்தான். அங்கே சரக்கு இருக்க வேண்டும்.

சரி, அம்மையாரிடம் வருவோம். 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் மரபியல் மாநாடு. போனவர் திரும்ப முடியவில்லை. உலகப் போர் ஆரம்பித்துவிட்டது. லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ராத்திரி குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வது, காலையில் அலமாரியில் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வது என்று வருஷங்கள் போயின. இதற்கிடையில் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து, மனிதன் பயிரிடும் தாவரங்களுக்கெல்லாம் குரோமோசோம் எண்ணிக்கை தரும் பெரிய தொகுப்பு நூலை முடித்தார். 1945இல் வெளிவந்தது. பிறகு சர்ரே மாவட்டத்தில் விஸ்லி என்ற இடத்தில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் வேலை. கோல்சிசின் என்ற மருந்தைப் போட்டால் செடியின் குரோமோசோம் இரட்டிப்பாகும். அதை மக்னோலியா நாற்றுகளில் போட்டுப் பார்த்தார். இலை தடித்து, பூ பெருத்து, மரங்கள் வளர்ந்தன. அவர் பெயர் கொண்ட மக்னோலியா இன்னும் அங்கே வசந்தத்தில் வெள்ளையாகப் பூக்கிறது.

1951இல் பிரதமர் நேரு அழைத்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை 1890இல் வெள்ளைக்காரர்கள் ஏற்படுத்தியது; சுதந்திரத்தின்போது படுத்துக் கிடந்தது. அதைத் திருத்தி அமைக்க வேண்டும். 1952 அக்டோபரில் தனி அதிகாரியாகப் பொறுப்பேற்றார். நம் நாட்டுச் செடிகளின் மாதிரிகளில் முக்கியமானவை லண்டன் கியூ தோட்டத்தில் இருக்க, இந்தியச் செடியை அடையாளம் காண இந்தியன் அங்கே போய் நிற்கிற நிலை அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தந்த ஊர்ச் செடியை அந்தந்த ஊர்க்காரன் சேகரிக்க வேண்டும், பழங்குடியினருக்குத் தெரிந்ததையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் 1954இல் துறையின் தலைமை ஸ்பெயினில் பிறந்த பாதிரியார் சந்தாபாவிடம் போனது. சந்தாபாவும் பெரிய அறிஞர், இந்தியாவுக்காக உழைத்தவர், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் அம்மையாருக்கு அது ஆறாத வருத்தம். எனக்குக் கேட்டால், வருத்தப்பட்டதில் நியாயம் இருந்தது என்பேன்.

இந்தக் காலத்தில்தான் அவர் மனசில் ஒரு மாற்றம் நடந்தது என்று நினைக்கிறேன். உணவு உற்பத்தியைப் பெருக்குங்கள் என்று அரசாங்கமே முழங்கிய காலம் அது. பசியில் கிடந்த தேசம், முழக்கத்தில் தப்பில்லை. அதன் பேரில் நாடெங்கும் காடுகள் வெட்டப்பட்டன. அன்றைய அசாமில் ஷில்லாங்கிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, அந்தப் பகுதிக்கே ஒற்றையாக ஒரு மக்னோலியா கிரிபித்தியை மரம் இருப்பதாகத் தெரிந்து அதைத் தேடிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் மரம் எரிந்து கிடந்தது. விஸ்லியில் மக்னோலியாவைக் கைக்குழந்தை மாதிரி வளர்த்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! யாரும் வேண்டுமென்று எரிக்கவில்லை. அது இன்ன மரம் என்று எரித்தவருக்குத் தெரியாது. விலை போகும் மரமா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. எண்ணி எழுதி வைக்காத ஒன்று போனால், போனது என்றுகூடத் தெரியாது.

1955இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் எப்படியெல்லாம் மாற்றிவிட்டான் என்பது பற்றி ஒரு மாநாடு. சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே பத்திரிகையில் வராத காலத்தில் நடந்தது. உலகத்தின் பெரிய பெரிய அறிஞர்களெல்லாம் கூடிய அந்தச் சபையில் அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள். நம் நாட்டுப் பழங்குடிகளும் சிறு விவசாயிகளும் தம் தேவைக்கு மட்டும் விளைவித்து வாழும் முறை பற்றிப் பேசினார். அடுத்த வருஷம் மிச்சிகன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பிறகு அலகாபாத், ஜம்மு, கொஞ்ச காலம் டிராம்பே என்று வேலைகள். பத்மஸ்ரீ வந்தது 1977இல். எண்பதை நெருங்கும் வயதில்!

1970 நவம்பரில் சென்னைக்கு வந்து, மதுரவாயலில் குடியேறினார். ஓய்வு என்று பெயர்தான். மூலிகைத் தோட்டம் போட்டார், கட்டுரை எழுதினார், பூனைக்குட்டிகளுக்குள் இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கவனித்துக்கொண்டிருந்தார். மரபியல் படித்தவர் கண்ணுக்குப் பூனைக்குட்டியும் பாடம்தான்.

அந்த நேரத்தில்தான் சைலண்ட் வேலி வந்தது. பாலக்காடு மாவட்டத்தில், நம் நீலகிரிக்கு ஒட்டிய மலைக்காடு. அதில் ஓடும் குந்திப்புழா ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973இல் திட்டக்கமிஷன் சம்மதம் கொடுத்திருந்தது. சுமார் 830 ஹெக்டேர் மழைக்காடு தண்ணீருக்குள் போகும். மின்சாரம் வேண்டும் என்றவர்களை வில்லன்களாக நினைக்க வேண்டாம். மலபார் பின்தங்கிய பகுதி. ஆலை வரவில்லை, வேலை இல்லை. கரண்ட் வந்தால் பிள்ளைகள் பிழைக்கும் என்று நினைத்தார்கள். ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்குப் புரியாத ஆசையா அது? மறுபக்கம் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், கவிஞர் சுகதகுமாரி, சலீம் அலி என்று பலர் காட்டுக்காக நின்றார்கள். சிங்கவால் குரங்கு அந்தப் போராட்டத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

ஜானகி அம்மாளுக்கு அப்போது எண்பது வயது. காட்டைக் காக்க வேண்டும் என்று குரல் கொடுத்தார். பிறந்த மலபார் என்ற பாசமும் இருந்திருக்கும். ஆனால் கையெழுத்துப் போடுவதோடு அவர் நிற்கவில்லை. அந்த வயதில், தண்ணீருக்குள் போகவிருக்கும் சைலண்ட் வேலி மரங்களுக்கெல்லாம் குரோமோசோம் கணக்கெடுப்பு நடத்தத் துணிந்தார். காடு நிற்கும் என்ற நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, முழுகுவதற்கு முன்னால் ஒவ்வொரு மரத்தின் உள்கணக்கையும் எழுதி வைத்துவிட வேண்டும் என்று பட்டிருக்கிறது. கோவையில் நாணலை எண்ணிய அதே வேலைதான். அன்று பயன்படுத்துவதற்காக எண்ணினார், இன்று பறிபோகுமுன் எண்ணினார்.

1983இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15ஆம் தேதி சைலண்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பைப் பார்க்க அம்மையார் இல்லை. ஒன்பது மாதம் முன்பே மதுரவாயலில் காலமாகிவிட்டார். 1985 செப்டம்பரில் பூங்காவை முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணித்தவர் ராஜீவ் காந்தி. 1991 மே 21ஆம் தேதி அவர் உயிர் பிரிந்தது நம் ஊரில். மதுரவாயலில் வாழ்ந்தவர் போராடிய காட்டைத் திறந்து வைத்தவருக்கு நாம் தினமும் கடந்துபோன சாலையோரத்தில் நினைவிடம். என்ன சொல்வது, சில சமயம் ஊர்ப் பெயர்கள் இப்படி வந்து முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன.

அவர் பெயரில் இன்று தாவர வகைப்பாட்டியலுக்கு மத்திய அரசின் விருது இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதைவிட ஒரு சின்ன விஷயம். அகத்தியர் மலைப் பக்கத்தில் காணி மக்கள் மருந்தாக அறிந்த ஒரு செடியை 1978இல் விஞ்ஞானிகள் புதிதாக விவரித்தபோது அதன் இனத்துக்கு ஜானகியா என்று அவர் பெயரை வைத்தார்கள். பிறகு வந்த ஆராய்ச்சியில் அது நம் மாகாளிக்கிழங்குச் செடியின் இனத்தைச் சேர்ந்ததே என்று முடிவாகி, பெயர் மாறிவிட்டது. மோர்சாதத்துக்கு மாகாளி ஊறுகாய் தொட்டுக்கொள்பவர்கள் அம்மையாரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம். காணி மக்களின் அந்தச் செடி அழியும் ஆபத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் பக்கத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு உறுத்தல். செம்பரம்பாக்கம் ஏரியின் கணக்கு 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எல்லாருக்கும் மனப்பாடம்: 24 அடி, 3,645 மில்லியன் கன அடி. அந்த ஏரிக் கரையில் எத்தனை வகைப் புல் இருக்கிறது? ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி ஓரத்தில் எந்த நாணல், எந்தக் கோரை? கேட்டால் நமக்குப் பதில் வராது. தொழிற்சாலை வளாகத்தில் மூன்றில் ஒரு பங்கு பசுமைக்கு விட வேண்டும் என்பது அனுமதி நிபந்தனைகளில் வழக்கமாக வந்தது. பல இடங்களில் விடவும் செய்கிறார்கள். ஆனால் காம்பவுண்டுக்குக் காம்பவுண்டு அதே புல்தரை, அதே நாலைந்து அலங்கார மரம். மரத்தின் எண்ணிக்கை ஆடிட்டில் சரியாக வரும். வகையின் எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை. நுணாவும் ஆவாரையும் காரையும் இருந்த கரம்பை மட்டமாக்கிவிட்டு ஆயிரம் மரம் நட்டால், பச்சை கூடியிருக்கலாம், சரக்கு குறைந்துவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2002ஆம் வருஷத்து உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு குழு இருக்க வேண்டும். அந்த ஊரின் செடி, மரம், மீன், நாட்டு ரக நெல், நாட்டு வைத்தியம் எல்லாவற்றையும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். இதற்கான தேசிய ஆணையத்தின் தலைமை அலுவலகமே சென்னைத் தரமணியில்தான். ரொம்ப வருஷம் பெரும்பாலான ஊர்களில் எழுதப்படாமல் கிடந்து, 2020 ஜனவரிக்குள் முடிக்க வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. பிறகு நாடு முழுக்க மடமடவென்று எழுதி முடித்தார்கள். கெடுவுக்கு முந்தின வாரம் எழுதிய ரெக்கார்டு நோட்டு எப்படி இருக்கும் என்று நமக்கா தெரியாது!

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை ஒரு வேலையாகவே சொல்கிறேன். கல்லூரியைச் சுற்றி இருக்கும் ஊராட்சிகளில் ஏதாவது ஒன்றுக்குப் போய் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் எழுதியிருப்பதையும் ஏரிக்கரையில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆடு மேய்க்கும் பாட்டி யாராவது கூட வந்தால் இன்னும் நல்லது. செடிக்குப் பேர் அவர்களுக்குத்தான் தெரியும். ஐப்பசி வாக்கில் போனால் நாணல் பூத்திருக்கும், கண்டுபிடிப்பது சுலபம். நானும் வருகிறேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சௌகரியம். மற்ற நாளில் ஷிப்ட்.